கத்தரி, மிளகாய், தக்காளி: ஆண் மலட்டுத் தாய்ச்செடியை மரபணுத் திருத்தத்தால் இங்கயே உருவாக்கேலாதா?

#1 யாழினி_வெள்ளவத்தை

கன நாளா மனசில இருக்கிற கேள்வி. தோட்டம் செய்யிற ஆக்கள், விதை விக்கிற ஆக்கள், ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஆக்கள் மூண்டு பேரும் இங்க இருக்கிறியள், அதனாலதான் கேக்கிறன்.

எங்கட நாட்டில விதைக்கிற மரக்கறி விதையில பெரும்பங்கு வெளியில இருந்துதான் வருது. கோவா, கரட் எல்லாம் எங்கட காலநிலையில ஒழுங்காப் பூத்து விதை தராது, அதை விடுவம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அந்தச் சாட்டுச் சொல்லேலாது. இங்கயே பூக்குது, இங்கயே காய்க்குது. இனம் உருவாக்கத் தெரியாத நாடும் இல்லை. விவசாயத் திணைக்களத்தின்ர கன்னொறுவை ஆய்வு நிலையத்தில இருந்து பாத்திய எஃப்1 தக்காளியும் அமண்டா எஃப்1 கத்தரியும் வந்தது (எஃப்1 எண்டா இரண்டு இனத்தைக் கலந்து எடுக்கிற முதல் தலைமுறைக் கலப்பினம்). மகா இலுப்பள்ளமை ஆய்வு நிலையத்தில இருந்து மிச் எச்வை 1 மிளகாய் வந்தது. பிறகும் ஏன் கடைத் தட்டு முழுக்க இறக்குமதிப் பக்கெட்?

கலப்பு விதை எடுக்கிறதுக்குத் தடை கைவேலையில இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். தக்காளிப் பூ நாளைக்கு விரியப் போகுது எண்டா இண்டைக்கே மொட்டைத் திறந்து, சாவணத்தால மகரந்தக்கூட்டை முழுசா எடுத்துப் போட வேணும். பிறகு மற்ற இனத்தின்ர மகரந்தத்தைக் கொண்டு வந்து குறியில தடவ வேணும். ஒவ்வொரு பூவுக்கும் இதே வேலை. ஒரு கூடு தவறினாலும் அந்தப் பூ தன்னைத் தானே சூல் கொள்ள வச்சிடும், பக்கெட்டுக்குள்ள தாய் இனமே போயிடும். கர்நாடகத்து ராணிபென்னூர்ப் பக்கம் ஊர் ஊரா இந்த வேலைதான் நடக்குது. எங்கட கூலிக்கு அது கட்டாது.

தாய்ச்செடி மகரந்தமே இல்லாமப் பிறந்தா இந்த வேலையில முதல் பாதி தேவையில்லை. 2020 இல சீன ஆய்வாளர்கள் தக்காளிப் பூவின்ர ஆண் பகுதியான கேசரத்தில மட்டும் வேலை செய்யிற எஸ்டிஆர்1 எண்ட மரபணுவைக் கிறிஸ்பர் எண்ட மரபணுத் திருத்தக் கருவியால முறிச்சு அப்பிடியான செடியை எடுத்திட்டினம். மற்றதெல்லாம் வழமையான தக்காளிதான், மகரந்தம் மட்டும் இல்லை. அதை எங்கட தின்னவேலி ஊதாக் கத்தரியில, எங்கட எம்ஐ 2 மிளகாயில செய்யேலாதா?


#2 புறக்கோட்டை_விதைக்கடை

தங்கச்சி, நல்ல கேள்வி. கடைப் பக்கம் நிண்டு சொல்றன்.

2022 இல டொலர் ஏறினப்போ நம்மட தட்டில இருந்த கலப்பு விதை விலை எல்லாம் தலைகீழாப் போச்சு. வழமையா வாங்கிற தோட்டக்காரன் பக்கெட்டைக் கையில எடுத்துப் பார்த்திட்டு வச்சிட்டுப் போனான். அந்த நேரம் உள்ளூர்ல விதை இருந்திருந்தா எவ்வளவு பேருக்கு உதவியிருக்கும். அதால உங்கட கேள்விக்கு நம்மட ஆதரவு முழுசா இருக்கு.

ஆனா ஒண்டு. ‘மலட்டு’ எண்ட சொல்லைக் கேட்டா வாற ஆள் கடைக்குள்ள வரமாட்டான். மலட்டு விதை போட்டாக் காய்க்குமா, அதத் திண்டாப் புள்ள பொறக்குமா எண்டு நேர்ல கேப்பாங்க. இதுக்குத் தெளிவா யாராவது பதில் எழுதுங்க, நான் அச்சடிச்சுக் கடையில ஒட்டுறன்.

விதைச் சுத்தம் இன்னொரு பிரச்சினை. ஒருமுறை ஒரு கொம்பனிச் சரக்கில பத்துச் செடிக்கு ரெண்டு செடி வேற மாதிரிக் காய்ச்சுது. தம்புள்ளைப் பக்கத்து ஆள் செடியையே பிடுங்கிக் கொண்டு வந்து மேசையில போட்டார். அது யாரோ ஒருத்தர் சாவணத்தால தவற விட்ட பூ எண்டு இப்பத்தான் விளங்குது.


#3 தாவரவியல்_டீச்சர்

விதைக்கடை நானா கேட்டதுக்கு நான் எழுதுறன். உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற முறையிலேயே சொல்றன்.

மலடு தாய்ச்செடியில் மட்டும்தான். அதிலும் பூவின் ஆண் பகுதியில் மட்டும். அதன் சூலகம் நல்ல சூலகம், வேறு செடியின் மகரந்தம் கிடைத்தால் காய் பிடிக்கும், விதை முற்றும். முறித்த மரபணு பின்னிடைவானது, அதாவது இரண்டு பிரதியும் முறிந்திருந்தால்தான் செடி மலடாகும். தாயிடமிருந்து ஒரு முறிந்த பிரதி, தந்தையிடமிருந்து ஒரு நல்ல பிரதி. ஆகவே பக்கெட்டில் வரும் எஃப்1 விதை முளைத்தால் அந்தச் செடியில் மகரந்தம் இருக்கும், தானே காய்க்கும். தோட்டக்காரருக்குக் கிடைப்பது வழமையான செடி.

சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. மகரந்தம் உருவாகாத செடிகள் இயற்கையிலேயே உண்டு. 1925 இல் கலிபோர்னியாவின் டேவிஸில் ஹென்றி ஜோன்ஸ் ஒரு வெங்காயச் செடியை அப்படித்தான் கண்டுபிடித்தார். உலகத்தில் இன்று விற்கிற கலப்புப் பெரிய வெங்காயத்தின் வரலாறு அந்தச் செடியிலிருந்து தொடங்குகிறது. நாங்கள் சமைக்கிற பெரிய வெங்காயத்திலும் ஆண் மலட்டுத் தாயின் பிள்ளைகள் இருக்கலாம்.

1998 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ‘டெர்மினேட்டர்’ விதையோடு இதைக் குழப்பக்கூடாது. அதில் தோட்டக்காரர் எடுத்து வைக்கும் விதை முளைக்கவே முளைக்காது. இங்கே விதை முளைக்கும்.


#4 வடமராட்சிக்_கமம்

டீச்சர் சொன்னது சரி, ஆனா அரைவாசிதான் சொல்லியிருக்கிறா. நான் இப்ப கொழும்பில மகளோட இருக்கிறன், கத்தரியும் மிளகாயும் போட்டு வளர்ந்த ஆள்.

கலப்பு விதைச் செடியில இருந்து விதை எடுத்து வைக்கிற ஆக்கள் எங்கட பக்கம் இண்டைக்கும் இருக்கினம். காசு இல்லாத வருசத்தில எடுக்காமல் வேற வழி இல்லை. வழமையான எஃப்1 இல இருந்து எடுத்தா அடுத்த போகம் செடி கலவையா வரும், ஒண்டு உயரம், ஒண்டு கட்டை, ஆனா எல்லாம் காய்க்கும். இந்தப் புது முறையில அப்பிடியே? தகப்பன்ர நல்ல பிரதி ஒண்டு, தாயின்ர முறிஞ்ச பிரதி ஒண்டு. அதைத் தன்மகரந்தத்தில விட்டா நாலில ஒரு செடி மலடு. டீச்சர் படிப்பிக்கிற மெண்டல் கணக்குத்தான் இது. தக்காளிப் பாத்தியில நாலில ஒண்டு பூத்துப் பூத்து உதிரும், காய் பிடியாது. பசளை போட்டு, தண்ணி இறைச்சு, மருந்தடிச்சு வளர்த்த செடி.

இதைப் பக்கெட்டில எழுதுவினமே? பக்கத்துக் காணியில நிக்கிற என்ர நாட்டுக் கத்தரிக்கு இந்தச் செடியின்ர மகரந்தம் தேனீ கொண்டு வந்து போட்டா என்ர விதைக்குள்ளயும் அந்த முறிஞ்ச பிரதி வரும்தானே?


#5 ஆய்வுகூடம்_கொழும்பு

அண்ணை கேட்டது இந்த விவாதத்தில கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி. கணக்கை முழுசாப் போட்டுப் பாப்பம்.

எஃப்1 செடியின்ர விதையில வாற எஃப்2 தலைமுறையில நாலில ஒண்டு மலடு, சரி. அந்த மலட்டுச் செடி தக்காளியில விதை தராது. மிச்சம் நிக்கிற செடியில இருந்து விதை எடுத்தா அடுத்த தலைமுறையில ஆறில ஒண்டு, அதுக்கடுத்து பத்தில ஒண்டு. குறைஞ்சு கொண்டே போகும், இல்லாமப் போறதுக்கு நாள் எடுக்கும். நாட்டுக் கத்தரிக்குள்ள போனாலும் இதே மாதிரித்தான், மலட்டுச் செடி தன்ர மகரந்தத்தைப் பரப்பேலாது எண்டபடியால் அந்தப் பிரதி பெருகாது. ஆனா முதல் போகத்தில இழப்பு உண்மை. பக்கெட்டில தமிழிலயும் சிங்களத்திலயும் ‘இதில இருந்து விதை எடுத்தா நாலில ஒரு செடி காய்க்காது’ எண்டு எழுத வேணும். அதில எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

மிளகாயில நிலைமை கொஞ்சம் வேற. தேனீ வந்து போற பூ எண்டபடியால் பக்கத்துச் செடி மகரந்தத்தில மலட்டுச் செடியும் ஓரளவு காய்க்கும். தக்காளிப் பூவில தேனும் இல்லை, மகரந்தக்கூடு குழாயா மூடியிருக்கும், எங்கட தேனீக்கு அதில அக்கறையும் இல்லை.

யாழினி, உங்கட கேள்வியில விடுபட்ட ஒரு விசயத்தை இதோட சேர்த்துச் சொல்றன். தக்காளித் தாயில மகரந்தக்கூட்டை எடுக்கிற வேலை மட்டும்தான் இல்லாமப் போகும். மகரந்தம் தடவுற வேலை அப்பிடியே இருக்கு. வெங்காயத்திலயும் கோவாவிலயும் தாய் வரிசை, தகப்பன் வரிசை நட்டு தேனீப் பெட்டி வச்சா வேலை முடிஞ்சுது. தக்காளியில அது நடக்காது. பாதிக் கூலி குறையும், முழுக்க இல்லை. விதைச் சுத்தத்தில வாற இலாபம்தான் தக்காளியில பெரிசு, நானா சொன்ன அந்தப் பத்துக்கு ரெண்டு இல்லாமப் போகும்.


#6 யாழினி_வெள்ளவத்தை

விளங்குது அண்ணா. அப்ப அடுத்த கேள்வி. தாய்க்கு மகரந்தம் இல்லை எண்டா அந்தத் தாயை அடுத்த வருசம் எப்பிடிப் பெருக்கிறது? தன்னோட தான் சேரேலாதே.


#7 ஆய்வுகூடம்_கொழும்பு

இந்த விசயத்தின்ர முக்கியச் சிக்கலே அதுதான். மலட்டுச் செடி உருவாக்கிறது இப்ப பெரிய வித்தை இல்லை. எங்க வெட்ட வேணும் எண்டு காட்டுற வழிகாட்டி ஆர்என்ஏ ஒண்டு, வெட்டுற காஸ்9 நொதியம் ஒண்டு, இழைய வளர்ப்பு தெரிஞ்ச கை. அடுத்த தலைமுறையில காஸ்9 ஐப் பிரிச்சு விலத்தினா செடிக்குள்ள அந்நிய டீஎன்ஏ ஒண்டும் மிஞ்சாது, சின்ன முறிவு மட்டும் நிக்கும். அந்த வரியை, எண்டா குணம் மாறாத அந்தச் செடிப் பரம்பரையை, வருசம் வருசமாக் காப்பாத்திறதுதான் கஷ்டம்.

சாதாரண வழி: மலட்டுச் செடிக்கு, ஒரு நல்ல பிரதியும் ஒரு முறிஞ்ச பிரதியும் உள்ள சகோதரச் செடியின்ர மகரந்தத்தைத் தடவினா பிள்ளையில பாதி மலடு, பாதி நல்லது. எது எது எண்டு பூக்கும் மட்டும் தெரியாது. தாய் வரிசையில நட்டதில பாதியைப் பூத்த பிறகு பிடுங்கிப் போட வேணும். அந்த நேரம் நிலமும் பசளையும் போயிருக்கும்.

தக்காளியில இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. எம்எஸ்10 எண்ட மகரந்த மரபணுவும், நாற்றுத் தண்டுக்கு ஊதா நிறம் குடுக்கிற ஒரு மரபணுவும் ஒரே நிறமூர்த்தத்தில பக்கத்தில பக்கத்தில இருக்கு. 2021 இல இரண்டையும் ஒண்டாத் திருத்திப் பார்த்தினம். இரண்டும் சேர்ந்தே பிள்ளைக்குப் போற படியால், நாற்று மேடையில பச்சைத் தண்டோட நிக்கிறது மலடு, ஊதாத் தண்டோட நிக்கிறது நல்லது. முளைச்சு ஒரு கிழமையில கண்ணால பார்த்துப் பிரிச்சிடலாம். கருவி தேவையில்லை, ஆய்வுகூடம் தேவையில்லை. நாற்று மேடை பராமரிக்கிற அக்காமாரே செய்வினம்.

எஸ்டிஆர்1 ஐ முறிச்ச குழு வேற வழியில போச்சு. நல்ல எஸ்டிஆர்1 உம் ஊதா நிற மரபணுவும் சேர்த்துக் கட்டின ஒரு துண்டை மலட்டுச் செடிக்குள்ள வச்சு, மலட்டுத் தாயைப் பெருக்கிறதுக்கு மகரந்தம் தாற ‘பராமரிக்கிற வரி’ ஒண்டை ஆக்கினவை. அதின்ர மகரந்தத்தால மலட்டுச் செடிக்குப் பிறக்கிற பிள்ளையில, ஊதா நாற்றில துண்டு இருக்கு, பச்சை நாற்றில இல்லை. பச்சையைத்தான் தாயா நடுறது. அமெரிக்காவில சோளத்துக்கு இதே தத்துவத்தில ஒரு முறை இருக்கு, 2011 இல அனுமதி கிடைச்சது. நுட்பமா நல்ல முறை, ஆனா பராமரிக்கிற வரி மரபணு மாற்றுப் பயிர் எண்ட சட்டத்துக்குள்ள போயிடும்.


#8 நுவரெலியா_சிவா

நல்லா போகுதுங்க இந்த இழை. நான் நுவரெலியா, வேலைக்காக வத்தளையில இருக்கேன். எங்க அப்பாவுக்குக் கோவா, லீக்ஸ், கரட் தோட்டம்.

கோவா விதையில ஆண் மலடு புதுசு இல்லைங்க. 1968 இல ஜப்பான்ல ஒகுரா ஒரு முள்ளங்கியில கண்ட மலட்டுத்தன்மையைக் கோவாவுக்கும் புரோக்கொலிக்கும் மாத்தி, இப்ப நிறையக் கலப்பினம் அந்த வழியில வருது. அதுல எஃப்1 செடியும் மகரந்தம் இல்லாமத்தான் இருக்கும். நாங்க இலையைத்தானே விக்கிறோம், காய் தேவையில்லையே. அதனால யாரும் கேள்வி கேக்கல.

எனக்கு ஒரு யோசனை. நெல்லுல வெப்பத்துக்கு மாறுற மலட்டுத்தன்மை இருக்குன்னு படிச்சேன். சூட்டில மலடு, குளிர்ல மகரந்தம் வரும். அப்படி ஒரு தக்காளி வந்தா மேல நுவரெலியாப் பக்கத்துச் சீத்தா எலியாவுல தாய்ச்செடியைத் தானே விதைக்க விட்டு, கீழ மகா இலுப்பள்ளமையில கலப்பு விதை எடுக்கலாமே? ஒரே நாள் பஸ் ஓட்டத்துல ரெண்டு காலநிலையும் வேற எந்த நாட்டுல இருக்கு?


#9 ஆய்வுகூடம்_கொழும்பு

சிவா, இந்த இழையில வந்ததில எனக்கு மிகவும் பிடிச்ச யோசனை இது. நெல்லில டிஎம்எஸ்5 எண்ட மரபணுவை 2016 இல கிறிஸ்பரால முறிச்சு, ஒரே வருசத்தில பல இனத்தை வெப்பத்துக்கு மாறுற மலட்டு வரியா ஆக்கினவை. சோளத்திலயும் அதே மரபணுவைத் திருத்திப் பார்த்திருக்கினம். பராமரிக்கிற வரியே தேவையில்லை, இடத்தை மாத்தினாக் காணும். ஆனா எங்கட மலைநாட்டில மழை நாள் ஒரு வெப்பநிலை, வெயில் நாள் ஒரு வெப்பநிலை. கீழயும் டிசெம்பர், ஜனவரி இரவில குளிர் இறங்கும். விதை எடுக்கிற வாரத்தில வெப்பம் எல்லைக்குக் கீழ போனா மகரந்தம் வந்திடும், சுத்தம் போயிடும். எல்லை எத்தனை பாகையில இருக்க வேணும் எண்டதை எங்கட இடத்திலயே வருசக்கணக்கா அளந்துதான் முடிவெடுக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. அரபிடொப்சிஸ் எண்ட ஆய்வுச் செடியில ஓபிஆர்3 மரபணு முறிஞ்சா ஜஸ்மோனிக் அமிலம் உருவாகாது, மகரந்தக்கூடு நேரத்துக்கு வெடிக்காது. மொட்டுக்கு அந்த அமிலத்தைத் தெளிச்சாச் செடி திரும்பத் தானே விதை தரும். 2000 ஆம் ஆண்டிலயே காட்டியிருக்கினம். தெளிச்சாப் பெருக்கலாம், தெளியாமல் விட்டாத் தாய். தக்காளி, கத்தரிக் குடும்பத்தில இந்தப் பாதையை நல்லா ஆராய வேணும்.

கோவாவில நடக்கிறது குழியவுரு மலடு, அது கலத்தின்ர கருவுக்கு வெளியில, இழைமணிக்குள்ள (மைற்றோகொண்டிரியா) இருக்கிற டீஎன்ஏயில நடக்கிற விசயம். கிறிஸ்பரின்ர வழிகாட்டி ஆர்என்ஏயை இழைமணிக்குள்ள கொண்டு போறது கஷ்டம். 2019 இல ஜப்பான்காரர் வேற கருவியால நெல்லிலயும் கனோலாவிலயும் மலடாக்கிற இழைமணி மரபணுவை முறிச்சு மகரந்தத்தைத் திரும்பக் கொண்டு வந்தவை. எங்களுக்கு இப்போதைக்குக் கலத்தின்ர கருவுக்குள்ள இருக்கிற மரபணுதான் கைக்கு எட்டுற தூரம்.


#10 புதுக்கடை_சட்டம்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இலங்கை 2004 இல் உயிரியல் பாதுகாப்புக்கான கார்த்தகேனா உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. அதன் வரைவிலக்கணத்தில் ‘நவீன உயிர்த்தொழில்நுட்பத்தால் பெறப்பட்ட புதிய மரபணுச் சேர்க்கை’ என்று வருகிறது. ஒரு சிறிய முறிவு மட்டும் உள்ள செடியில் புதிய சேர்க்கை இருக்கிறதா என்பதுதான் உலகம் முழுவதும் நடக்கிற வழக்கு. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் திருத்திய செடியும் மரபணு மாற்றுச் செடியே என்றது. இந்தியா 2022 மார்ச்சில் அந்நிய டீஎன்ஏ இல்லாத திருத்தங்களுக்கு விலக்கு அளித்து, 2025 மே மாதம் இரண்டு திருத்திய நெல் இனங்களை அறிவித்தது. ஜப்பானில் 2021 இலிருந்து திருத்திய தக்காளி கடையில் விற்பனையாகிறது.

எங்களிடம் மரபணு மாற்று உணவுக்கு 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. பிரதம உணவு அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. ஆகவே ஒரு திருத்திய தாயிலிருந்து வந்த எஃப்1 தக்காளியைப் பேலியகொடைச் சந்தைக்குக் கொண்டு போக முதலே, அது அந்த விதிக்குள் வருமா வராதா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இனம் முடிந்த பிறகு கேட்டால் உழைப்பு வீணாகும்.

இந்தியாவின் டிஎம்எச்-11 கடுகைப் பாருங்கள். அதுவும் ஆண் மலட்டு முறையில் உருவான கலப்பினம்தான், ஆனால் பக்டீரியாவின் மரபணுக்களை வைத்துச் செய்தது. 2022 ஒக்டோபரில் சூழல் வெளியீட்டுக்கு அனுமதி கிடைத்தது, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல தசாப்த உழைப்பு.

காப்புரிமையும் உண்டு. கிறிஸ்பர் ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கும், விற்பனைக்கு உரிமம் வேண்டும். விவசாயத்துக்கான உரிமங்களை 2017 இலிருந்து அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனமும் டுபொண்ட் பயனியர் விதை நிறுவனமும் (பின்னர் கோர்ட்டேவா) சேர்ந்து வழங்குகின்றன.


#11 வடமராட்சிக்_கமம்

அப்ப என்ன மிஞ்சுது? உள்ளூர் விதை எண்டு சொல்லிச் செய்து, பிறகு உரிமம் எண்டு வெளியில காசு கட்டப் போறம்.

2021 இல ஒரே இரவில உரத்தை நிப்பாட்டினவை. எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. வெங்காயமும் நெல்லும் என்ன பட்டுது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதால ‘அறிவியல் சொல்லுது’ எண்டு மேல இருந்து வாற எதையும் நம்ப எனக்கு ஏலாமல் இருக்கு. தம்பி, உங்களை நம்புறன். உங்களுக்குப் பிறகு வாற கொம்பனியை ஏன் நம்ப வேணும்? தாய் வரி ஆரின்ர கையில இருக்கும் எண்டு சொல்லுங்கோ.


#12 ஆய்வுகூடம்_கொழும்பு

அண்ணை, அதனாலதான் நான் இது அரச நிறுவனத்தில நடக்க வேணும் எண்டு நிக்கிறன். தாய் வரி விவசாயத் திணைக்களத்தின்ர கையில இருக்க வேணும், அதின்ர விதைப் பிரதி கன்னொறுவைத் தாவர மரபுவள நிலையத்தில இருக்க வேணும். எஃப்1 விதையை ஆரும் உற்பத்தி செய்யலாம், கூட்டுறவுச் சங்கம் செய்யலாம், தனியார் செய்யலாம், ஆனா தாயும் தகப்பனும் ஒரு கொம்பனிக்கும் தனிச் சொத்தாகக் கூடாது. உரிமத்தைப் பற்றிப் பேசுறதும் திணைக்களம் பேசினா ஒரு விலை, தனி ஆள் பேசினா வேற விலை.

நாட்டு இனத்தைத் திருத்த வெளிக்கிட முதல் அதின்ர திருத்தாத விதையைச் சேமிப்பில வைக்க வேணும் எண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. தின்னவேலி ஊதாவின்ர சுத்தமான விதை எங்கட கையில இருக்கும் மட்டும் ஒரு பயமும் இல்லை.


#13 புறக்கோட்டை_விதைக்கடை

நான் வியாபாரியாக் கேக்கிறன். முதல்ல எந்தப் பயிர்? நம்மட தட்டில அதிகம் கேக்கிறது மிளகாய். ஒரு மிளகாய்க்குள்ள எவ்வளவு விதை, ஒரு கத்தரிக்குள்ள எவ்வளவு விதை எண்டு பாருங்க. கத்தரியில ஒரு பூவைக் கையால கலப்புச் செய்தா நூற்றுக்கணக்கில விதை வருது, அதுக்கு மலடு இல்லாமலும் சமாளிக்கலாம். மிளகாய்ப் பூ சின்னன், தொட்டா உதிருது, விதையும் கொஞ்சம். கூலி அங்கதான் போகுது. மிளகாயில செய்யுங்க.


#14 ஆய்வுகூடம்_கொழும்பு

நானா சொல்றது கணக்கில நூறு வீதம் சரி. தேவை கூடின பயிர் மிளகாய். ஆனா மிளகாயை இழைய வளர்ப்பில திரும்பச் செடியாக்கிறது உலகத்தில எல்லா ஆய்வுகூடத்துக்கும் தலையிடி. இலைத்துண்டு முளை விடும், முளை நீளாது, அப்பிடியே ரோசாப்பூ மாதிரிச் சுருண்டு நிக்கும். தக்காளியும் கத்தரியும் அப்பிடி இல்லை, எங்கட பிள்ளைகளே செய்வினம்.

மிளகாய்க்கு மரபணுத் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையும் இல்லை. மரபணுத் திருத்தம் இல்லாமலே வந்த மலட்டு வரிகள் இருக்கு. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் எம்எஸ்-12 எண்ட மலட்டு வரியைத் தாயா வச்சுத்தான் சிஎச்-1 கலப்பு மிளகாயை வெளியிட்டது. தாய்வானில உள்ள உலக மரக்கறி நிலையமும் குழியவுரு மலட்டு வரிகளைப் பகிருது. அதில ஒண்டை எடுத்து எம்ஐ 2, கேஏ 2 மாதிரி எங்கட இனத்தோட திரும்பத் திரும்பக் கலந்து மாத்தலாம். காலம் எடுக்கும், ஆனா சட்டப் பிரச்சினை ஒண்டும் இல்லை. குளிர் நாளில அந்த வரிகள் சிலது மகரந்தம் விடும், அதை மகா இலுப்பள்ளமையில பார்த்துத் தெரிய வேணும்.

திருத்தத்தைக் கத்தரியில தொடங்குவம். காரணம் விதைக் கணக்கு இல்லை, கத்தரிச் செடியின்ர குணம். கத்தரி ஒரு போகத்தோட சாகிற செடி இல்லை, வெட்டி விட்டாத் திரும்பத் துளிர்க்கும். சுண்டங்கத்தரி வேரில ஒட்டலாம், பக்டீரியா வாடலும் லேசில அண்டாது. அப்ப மலட்டுத் தாயை விதையால பெருக்க வேணும் எண்டே இல்லை. ஒரு நல்ல மலட்டுச் செடியில இருந்து கொப்பெடுத்துச் சுண்டங்கத்தரியில ஒட்டி ஒட்டி வேண்டிய அளவு தாய்ச்செடி எடுக்கலாம். பராமரிக்கிற வரி வேண்டாம், பச்சை ஊதா பார்க்க வேண்டாம், அந்நிய டீஎன்ஏயும் வேண்டாம். கொம்பனிகள் ஆயிரம் ஏக்கருக்கு விதை எடுக்கிறவை, அவையளுக்கு ஒட்டுச்செடி கட்டாது. எங்கட நாட்டுத் தேவை அதை விடச் சின்னன்.


#15 யாழினி_வெள்ளவத்தை

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒட்டுக்கண்டு வளர்க்கிறதுக்கு வடக்கிலயே தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்.

வடமராட்சி அண்ணை, விதை எடுத்து வைக்கிற ஆக்களுக்கு நாலில ஒண்டு இழப்பு எண்டது கத்தரியிலயும் இருக்கு. அதைப் பற்றி இன்னும் நிக்குதோ?


#16 வடமராட்சிக்_கமம்

நிக்குது பிள்ளை. பக்கெட்டில பெரிய எழுத்தில எழுத வேணும், அதோட கலப்பு விதை வெளியிடுற அதே நாளில திறந்த மகரந்தச் சேர்க்கை இனத்தின்ர விதையும் அதே கடையில கிடைக்க வேணும். விதை எடுக்கிறவன் அதை வாங்கட்டும். இரண்டும் பக்கத்தில பக்கத்தில இருந்தா எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை.

கத்தரிக்குத் தகப்பன் எது? அதைக் கேக்காமல் தாயைப் பற்றி மட்டும் கதைக்கிறியள். தின்னவேலி ஊதாவுக்குக் காய் நல்லது, ஆனா காய்ப்புழு எங்களைத் திண்டு முடிக்குது.


#17 ஆய்வுகூடம்_கொழும்பு

காய்ப்புழுவுக்கு முழு எதிர்ப்புள்ள பயிர்க்கத்தரி இல்லை, அதனாலதான் பங்களாதேஷ் 2013 இல பீட்டி கத்தரிக்கு, எண்டா புழுவைக் கொல்லுற பக்டீரியா மரபணு வச்ச கத்தரிக்கு, போனது. எங்கட வேலையில அது வராது. தகப்பனுக்கு நான் பாக்கிறது வாடல் எதிர்ப்பும் காய் எண்ணிக்கையும். கன்னொறுவையில இருக்கிற வரிகளில பலதைத் தின்னவேலி ஊதாவோட கையால கலந்து, மூண்டு நாலு இடத்தில நட்டுப் பாக்கலாம். அதுக்கு மலட்டுத் தாய் தேவையில்லை, சாவணம் காணும். எந்தச் சோடி நல்லது எண்டு தெரிஞ்ச பிறகுதான் அந்தத் தாயைத் திருத்த வேணும். ஒரு இடம் யாழ்ப்பாணமா இருக்க வேணும். அண்ணை, உங்கட காணியில ஒரு பாத்தி தருவியளோ?


#18 வடமராட்சிக்_கமம்

கார்த்திகை மழை விட்ட பிறகு வாங்கோ. கிணத்தடிப் பக்கம் தாறன். நடுற எல்லாச் சோடியின்ர பேரும் எனக்கு எழுதித் தர வேணும், காய் பிடுங்கேக்க நானே நிறுத்து எழுதுவன்.


#19 புறக்கோட்டை_விதைக்கடை

டீச்சர் எழுதினதை அச்சடிச்சாச்சு. கீழ வடமராட்சிக் காக்கா சொன்ன நாலில ஒண்டுக் கணக்கையும் சேர்த்திருக்கன். சிங்களத்தில யாராவது மொழிபெயர்த்துத் தாங்க, நம்மட கடைக்கு வாற ஆக்களில பாதிப் பேர் தம்புள்ளை, கெக்கிராவை.